இலைக்குப் பக்கத்தில் ஒரு காகிதம்

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட இரண்டு கேள்விகளில் ஒன்றுக்குக்கூட நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. முதல் கேள்விக்குச் சிரித்தேன். இரண்டாவதற்கு, "குக்கர் விசில் அடிக்கு, வச்சிருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என் அடுப்பில் அன்று குக்கரே இல்லை. விசில் சுவருக்கு அந்தப் பக்கம் உன் சித்தப்பா வீட்டில் அடித்தது. உனக்கும் அது தெரிந்திருக்கும். தனி ஆளுக்குச் சமைப்பவள் சின்னச் சட்டியிலேயே சோறு வடித்துக்கொள்வாள் என்பது ஒன்றரை வருஷமாகத் தென்கொரியாவில் தனியாகப் பொங்கித் தின்னும் உனக்குத் தெரியாததா? நீ அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டாய். அந்த நாகரிகம் உன் அப்பாவிடமிருந்து வந்தது. அதில் ஒரு கெடுதலும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அங்கே அறுவடைப் பண்டிகைக்குக் கம்பெனியில் விடுமுறை விட்டார்கள் என்றும், கூட வேலை பார்ப்பவர்களோடு எல்லைக்குப் போய் வந்தாய் என்றும் சொன்னாய். வேலிக்கு இந்தப் பக்கம் கோட்டு சூட்டு போட்ட ஒரு முதியவர், ஆப்பிள், பேரிக்காய், அரிசிப் பலகாரம் எல்லாம் வடக்கே பார்த்து மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, தரையில் நெற்றி படக் கும்பிட்டாராம். அவருடைய அக்கா அந்தப் பக்கம் இருக்கிறாள், இருக்கிறாளா இல்லையா என்பதுகூடத் தெரியாது என்று உன் நண்பன் சொன்னானாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் நீ கேட்டாய்: "ஏம்மா, நீ இதத்தான பாடமா நடத்துதே. ஒரு அதிபர் மனசு வச்சா இவங்கள ஒண்ணு சேக்க முடியாதா?"

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அஞ்சு வருஷத்துக்கு ஒரு ஆளு. ஒருத்தர் வந்து கதவத் தொறக்காரு, அடுத்தவரு வந்து மூடுதாரு. நடுவுல ஒரு போட்டோ. அம்புட்டுதான்."

பிறகு, "அம்மா, கல்யாணத்துல அப்பா இடத்துல சித்தப்பா நிக்கணும்" என்றாய்.

கேள்வி மாதிரி நீ அதைச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அது கேள்விதான். தை மாதம் கழுகுமலையில் உனக்குக் கல்யாணம். உன் அப்பா போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. மணவறையில் அப்பா உட்கார வேண்டிய இடத்தில் அவருடைய உடன்பிறந்தவன் உட்காருவது நம் பக்கத்து வழக்கம். சாத்திரம் சம்பிரதாயம் எதிலும் எனக்குப் பெரிய பிடிப்பு கிடையாது, அது உனக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தில் வேறு யாரோ ஒரு தூரத்துப் பெரியப்பாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தால், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதர் அதற்குப் பிறகு உனக்குச் சித்தப்பா இல்லை. பேச்சுவார்த்தை இல்லாமல் ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. இந்தத் தையைத் தவறவிட்டால் மிச்ச ஆயுளும் அப்படியே ஓடிவிடும்.

உனக்குத் தெரிந்த கதையை மறுபடி சொல்கிறேன். அதில் நான் மறைத்த பகுதி ஒன்று இருக்கிறது. வீட்டை இரண்டாகப் பிரித்து முற்றத்தின் நடுவில் சுவர் எடுத்தபோது, தண்ணீர்க் குழாய் நம் பக்கம் விழுந்தது. அதனால் சுவரின் அடியில், ரப்பர் குழாய் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டையைக் கொத்தனார் விட்டுவைத்தார். கோவில்பட்டியில் தண்ணீர் வருகிற நாள் எப்படி இருக்கும் என்று உனக்கு விளக்க வேண்டாம். தெருவே பாவாடையையும் கைலியையும் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கும். உன் சித்தி அந்தப் பக்கத்திலிருந்து குழாயை நுழைப்பாள். "எய்யா, மாட்டிட்டியா?" என்பாள். "மாட்டிட்டேன் சித்தி" என்று நீ கத்துவாய். பள்ளிக்கூடப் பையில் புத்தகம் நனைந்துபோனதற்கு நான் உன்னை அடித்தது ஒரு தண்ணீர் நாளில்தான். அப்புறம் ஒரு கோடையில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. யார் முதலில் பிடிப்பது என்று தொடங்கிய பேச்சு, யார் யாரை வளர்த்தார்கள் என்பது வரை போயிற்று. உன் அப்பா அன்று சாயங்காலமே சிமெண்டைக் குழைத்து அந்த ஓட்டையை அடைத்தார். அதன் பிறகு உன் சித்தப்பா தெருக்கோடி அடிபம்பிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவந்தார்.

நம் சங்கத்துத் தலைவர் அண்ணாச்சியை உனக்கு நினைவிருக்கும். தீப்பெட்டி கம்பெனி வைத்திருந்தவர், ஊரில் எந்த வீட்டில் சண்டை என்றாலும் அழைக்காமலே வருபவர். நீ பன்னிரண்டாவது எழுதி முடித்த அந்தச் சித்திரையில் அவர் அண்ணன் தம்பி இருவரையும் சங்கத்துக்கு வரச்சொல்லிக் கைகொடுக்க வைத்தார். போட்டோகூட எடுத்தார்கள். அதே வாரத்தில்தான் இரண்டு கொரியாக்களின் தலைவர்களும் எல்லையில் கைகொடுத்தார்கள். கையைப் பிடித்தபடியே தரையில் போட்டிருந்த சிமெண்டுக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தார்கள். டிவியில் அதைப் பார்த்துவிட்டு உன் அப்பா, "நம்ம அண்ணாச்சி சொல்லிக்குடுத்த போஸையே அங்கயும் குடுக்காங்க பாரு" என்று சிரித்தார். அவர் அவ்வளவு லேசாகச் சிரித்து நான் அப்போதுதான் கடைசியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் அண்ணாச்சி விவரமானவர். "கை குடுத்ததெல்லாம் ஊருக்காக. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தம்பி குடும்பம் அண்ணன் வீட்டுல கை நனைக்கணும். அன்னைக்குத்தான் என் சோலி முடியும்" என்று சொல்லி அனுப்பினார். நம் ஊரில் மனஸ்தாபம் உள்ளவர்கள் எதிரெதிரே நின்று நலம் விசாரிப்பார்கள், கல்யாணத்துக்கு மொய்கூட எழுதுவார்கள். சாப்பிட மட்டும் மாட்டார்கள். இலையில் கை பட்டால்தான் பகை போனதாகக் கணக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மணியாச்சியில் உன் சிநேகிதன் வீட்டில் இருந்தாய். திரும்பி வந்தபோது, "ஒங்க சித்தப்பா இலையில உக்காந்துட்டு, ஒரு வாய் சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டாரு" என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் ஏன் எழுந்தார் என்று நான் சொல்லவில்லை. நீயாக ஒரு காரணத்தை நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நீயும் அப்படியே நினைத்துக்கொண்டாய்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை டிவியில் அந்த இரண்டு தலைவர்களும் முதலில் ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். விருந்து அதற்குப் பிறகுதான். நான் அரசியல் படித்தவள், அரசியல் சொல்லிக்கொடுப்பவள். எழுத்தில் இல்லாத சமாதானம் நிலைக்காது என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்பவள். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம் டைப் செய்தேன். குழாய் இரு வீட்டுக்கும் பொது, தண்ணீர் வரும் நாளில் எந்த வீட்டுக்கு எந்த நேரம், சுவரில் ஓட்டையை எந்த அளவில் திறப்பது, மறுபடி தகராறு வந்தால் யாரிடம் போவது என்று எல்லாவற்றுக்கும் எண் போட்டிருந்தேன். எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்து, சோற்றுச் சட்டியை எடுப்பதற்கு முன்னால் உன் சித்தப்பாவின் இலைக்குப் பக்கத்தில் அந்தக் காகிதத்தை வைத்தேன். மேலே பேனாவையும் வைத்தேன்.

"இது என்னது மதினி?"

"ஒண்ணுமில்ல தம்பி. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்லா. ஒரு கையெழுத்து."

அவர் காகிதத்தைத் தொடவில்லை. "நான் எங்க அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கேனா, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்திருக்கேனா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோல உன் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். உன் சித்தி என் கையைப் பிடித்தாள். "அக்கா, சாப்பிட்டுட்டுப் போடட்டுமே" என்றாள். நான், "ரெண்டு நிமிசம்தான்" என்றேன்.

அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் இத்தனை வருஷமாக நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் எழுந்தார். கழுவுவதற்குக் கையில் ஒன்றுமில்லை. நேராக வாசலுக்குப் போனார். உன் அப்பா பின்னாலேயே போய்த் தெருவில் நின்று தம்பியைச் சத்தம் போட்டார். என் பெண்டாட்டி முறையாகத்தான் கேட்டாள், உனக்கு என்ன ரோஷம் என்றார். எனக்காகத்தான் அவர் அந்தச் சண்டையைப் போட்டார். நான் செய்தது தப்பு என்று அவருக்குத் தெரியும். அன்றும் சொல்லவில்லை, சாகும்வரையும் சொல்லவில்லை. இதைத்தான் கெடுதல் என்றேன். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது. உன் மனைவி தப்புச் செய்தால் அவளுக்காகத் தெருவில் சண்டை போடாதே. வீட்டுக்குள் வந்து அவளிடம் சொல். முகம் வாடினால் வாடட்டும், ஒரு வேளை சாப்பிடாமல் கிடக்கட்டும். என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மறுநாள் காலையிலேயே நான் உன் சித்தப்பா வீட்டுப் படி ஏறியிருப்பேன். இல்லை, ஏறியிருக்க மாட்டேனோ என்னவோ. ஏறியிருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

உன் அப்பா இறந்த அன்று முதல் ஆளாக வந்து நின்றவர் உன் சித்தப்பா. தோள் கொடுத்தார், சுடுகாடு வரை வந்தார். குளித்துவிட்டுத் திரும்பியவர் நம் வாசலைத் தாண்டித் தன் வாசலுக்குப் போனார். "சித்தப்பா சாப்பிடாமப் போறாரே" என்று நீ என்னிடம் கேட்டாய். "அவரு அப்படித்தான்" என்றேன். முதலில் மறைத்ததைவிட இது மோசம். புருஷனைப் பறிகொடுத்தவள் என்று யாரும் எதையும் கேட்க முடியாத ஒரு நாளில் சொன்ன பொய் இது.

இதற்கிடையில் கல்லூரியில் என் பாடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கொரியப் பகுதி வந்தால் எனக்கு ஒரு குரூரமான உற்சாகம் வந்துவிடும். தெற்கின் அரசியல் சாசனம், நாட்டை அமைதியாக ஒன்று சேர்க்கப் பாடுபடுவதை அதிபரின் கடமை என்றே எழுதிவைத்திருக்கிறது. பதவி ஏற்கும்போது அதையும் சேர்த்துத்தான் அவர் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஆனால் கொடுப்பது ஒரே ஒரு ஐந்து வருஷம். ஒருவர் எல்லையில் வடக்கைப் பார்த்து வைத்த பிரசார ஒலிபெருக்கிகளை அணைப்பார், இன்னொருவர் போடுவார், அடுத்தவர் மறுபடி அணைப்பார். கோட்டைத் தாண்டினார்களே, வடக்கிலிருந்து கொண்டுவந்த குளிர்ந்த நூடுல்ஸை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களே, அப்புறம் என்ன ஆயிற்று? பேசுவதற்கென்று கட்டிய அலுவலகத்தை வடக்கு வெடிவைத்துத் தகர்த்தது. இப்போது நாம் ஒரே சனமே இல்லை என்கிறது. ஆகவே, அதிபர் என்பவர் போட்டோவுக்கு நிற்பவர். இப்படித்தான் முடிப்பேன்.

போன வருஷம் ஒரு நாள் நான் அப்படி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து நாகலாபுரத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் வகுப்பில் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. "மேடம், அந்த போட்டோவுக்கு அப்புறம் யாரும் யாரையும் பாக்கலையா?"

"கொஞ்சம் பேர் பார்த்தார்கள். பிரிந்த குடும்பங்களில் குலுக்கல் போட்டு ஆள் எடுத்தார்கள். சில நாள், காவலோடு" என்றேன்.

"அவிய ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாவளா மேடம்?"

வகுப்பே சிரித்தது. "ஏட்டி, ஒனக்கு எப்பவும் சாப்பாட்டு நெனப்புதானா?" என்று பக்கத்திலிருந்தவள் கிள்ளினாள். ஆமாம், சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகு என்னால் திருப்ப முடியவில்லை. அந்தச் சந்திப்புகளின் படங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லோரும் கிழவர்கள், கிழவிகள். ஒருவர் தட்டில் ஒருவர் எடுத்து வைக்கிறார்கள். கடைசி நாளில் பேருந்துக் கண்ணாடியில் உள்ளிருந்து ஒரு கை, அதற்கு நேராக வெளியிலிருந்து ஒரு கை. இத்தனை வருஷப் பாடத்தில் இவர்களை நான் ஒரு வரியில் கடந்துபோயிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு என் பதில் இப்போது இதுதான். ஒரு அதிபரால் அந்தச் சனங்களை ஒன்று சேர்க்க முடியாது. அதை இன்னமும் சொல்வேன். கிழவர்களின் கண்ணீரைக் காட்டி ஓட்டு வாங்குகிறவர்களும் அங்கே இருப்பார்கள், நம்மை ஆள்பவர்களைப் பார்த்த எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அக்காவும் தம்பியும் தாமாக எதுவும் செய்ய முடியாது. கடிதம் போட முடியாது, போன் பேச முடியாது, நடந்து போனால் சுட்டுவிடுவார்கள். அவர்களை ஒரு மேசையில் உட்காரவைக்க வேண்டுமென்றால் மேலே இருக்கும் ஒருவர் முதலில் போய்க் கூச்சமில்லாமல் கையை நீட்ட வேண்டும், எதிராளியோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தன் நாட்டிலேயே பாதிப் பேர் கேலி செய்வார்கள் என்று தெரிந்தும் செய்ய வேண்டும். நிலைக்குமா என்று கேட்டால் நிலைக்காமல் போகலாம். போயும்விட்டது. ஆனாலும் அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தவர்கள்தான். நீ பார்த்த பெரியவருக்குக் குலுக்கலில் சீட்டு விழவில்லை போலிருக்கிறது. அவருக்கு என் பதில் உதவாது. அது எனக்குத் தெரியும்.

நமக்குச் சுவர் மட்டும்தான். சுடுவதற்கு ஆளில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். முன்போல வந்து பேசிவிடுங்கள் என்று கேட்டேன். "எனக்கு முட்டுல தேய்மானம் தாயீ. அவன் வீட்டுக்கு மூணு படி. நீ ஏறிப் போ" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, இருமிக்கொண்டே வைத்துவிட்டார்.

புதன்கிழமை கல்லூரி விடுமுறை. மத்தியானம் புறப்பட்டேன். வெற்றிலைத் தட்டு எடுக்கவில்லை. புருஷன் இல்லாதவள் தட்டு ஏந்தலாமா என்று தெருவில் ஒரு பேச்சு வரும், அதோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரியையும் எடுக்கவில்லை. காகிதம் என்று எதுவும் கையில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். சுவர் இல்லையென்றால் அவர்கள் அடுப்படிக்கு ஆறடி. தெரு வழியாகச் சுற்றினாலும் ஐம்பது அடி இருக்காது. அந்த ஐம்பது அடியில் எதிர்வீட்டுக்காரர்கள், இஸ்திரி போடுகிறவர், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வருத்தம் தெரிவிக்க நல்ல வாக்கியங்களாக நான்கைந்து யோசித்து வைத்திருந்தேன். உன் சித்தி கதவைத் திறந்து, "அக்கா..." என்றதும் ஒன்றுகூட வரவில்லை.

"சோறு இருக்கா? பசிக்கு" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "சோறு இருக்கு. கொழம்பு நேத்து வச்சது."

"இருக்கட்டும்."

தரையில் உட்கார்ந்தேன். தட்டில் சோறு, பழைய புளிக்குழம்பு, சீனியவரைக்காய்ப் பொரியல். பிசைந்து இரண்டாவது வாய் எடுக்கும்போது பின்கட்டிலிருந்து உன் சித்தப்பா துண்டால் முகம் துடைத்துக்கொண்டே வந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றார். ரொம்ப நரைத்திருக்கிறார். முகத்தைப் பார்க்காமல் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சித்தியிடம், "மதினிக்கு மோர் மொளகா வறுக்கலயா?" என்றார்.

"இப்பத்தான வந்திருக்காவ. வறுக்கேன், பொறுங்க."

அவர் எனக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "கையெழுத்து ஏதும் போடணுமா மதினி?"

"இல்ல தம்பி. கையெல்லாம் கொழம்பு."

அவர் சிரிக்கவில்லை. அடுப்படிக்குள்ளிருந்து உன் சித்திதான் சிரித்தாள். எண்ணெயில் மிளகாய் பொரிகிற சத்தத்தோடு அந்தச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர், "பய எப்படி இருக்கான்? அங்கன ரொம்பக் குளிராமே" என்றார். நன்றாக இருக்கிறான், தை பிறக்கும் முன் வருகிறான் என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு நடந்தது என் தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோது சித்தி மோர் ஊற்ற வந்துவிட்டாள். கல்யாணத்தைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாப்பிட வந்தது அதற்காகத்தான் என்று ஆகியிருக்கும். மறுபடியும் இலைக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்தது போல.

கேட்க வேண்டியவன் நீ. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வா. அண்ணாச்சியைக் கூப்பிடாதே, என்னையும் கூட்டிப்போகாதே. பத்திரிகையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள். முதலில் அவர்கள் வீட்டில் சாப்பிடு. சித்தப்பா எழுந்து போனதற்குக் காரணம் அம்மா வைத்த காகிதம்தான், அம்மாவே எழுதியிருக்கிறாள் என்று சொல். அதற்குப் பிறகு கேள். அவர் முடியாது என்று சொல்லலாம். சொல்வதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. நான் உனக்கு எந்த உறுதியும் தர முடியாது. சுவரில் உன் அப்பா பூசிய சிமெண்டு அப்படியேதான் இருக்கிறது. அவர் கைத்தடம் அதில் தெரியும். அதை என்ன செய்வது என்று நீயும் சித்தப்பாவும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் முற்றத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக அந்தப் பக்கம் வாளி வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம், அவ்வளவுதான் கேட்கும். இத்தனை வருஷமாக அந்தச் சத்தங்களை வைத்துத்தான் இன்னொரு வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று நான் தெரிந்துகொண்டிருந்தேன். நேற்று வாளிச் சத்தம் நின்றது. சுவருக்கு மேலே உன் சித்தியின் குரல் வந்தது.

"அக்கா, நாளைக்குத் தண்ணி வருமாம்."

"சரி" என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தால் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருப்பாள். துணியை உள்ளே போட்டுவிட்டு வந்தேன். பிறகு குழாயடியில் இரண்டு குடத்தைத் தள்ளி வைத்து, அவர்கள் குடத்துக்கும் இடம் விட்டேன்.

அம்மா